வெள்ளை கிரவுட் பழுப்பாகிறதே!

கேள்வி: குளியலறைக்கு டைல்ஸ் போட்டு 2 மாதம்தான் ஆகிறது. இடுக்கில் பூசிய வெள்ளை கிரவுட் அதற்குள் பழுப்பாகிவிட்டது. தண்ணீரும் கறையும் இறங்காமல் தடுக்கும் சீலர் அடிக்கலாமா? எதை வாங்குவது?

பதில்: முதலில் காய்ந்த கிரவுட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் அது சிமென்ட் கிரவுட், சீலர் தேவை. சொட்டு முத்துப்போல அப்படியே நின்றால் எபாக்ஸி என்ற பிசினால் ஆன கிரவுட்டாக இருக்கலாம், அதற்குச் சீலர் வேண்டாம்.

சீலரில், உள்ளே ஊறிப்போகும் வகையையே கேட்டு வாங்குங்கள். மேலே படலமாக நிற்கும் வகை, அடியில் ஈரம் தங்கினால் உரிந்துவிடும். குளியலறைக்கு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழுப்பைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் சீலர். இல்லாவிட்டால் அழுக்கும் உள்ளேயே தங்கிவிடும். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், அது கிரவுட்டையே அரித்துவிடும். அப்புறம் ஒரு முழு நாளாவது நன்றாகக் காயட்டும்.

சின்ன பிரஷ்ஷால் இடுக்கில் மட்டும் தடவுங்கள். 5 முதல் 10 நிமிடம் ஊறியதும், டைல்ஸ் மேல் வழிந்ததைக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். என் வீட்டில் முதல்முறை அடித்தபோது இதைத்தான் தவறவிட்டேன். ஒரு சுவர் முழுக்க மங்கலாகத் திட்டுத்திட்டாகப் படிந்து, தேய்த்தெடுக்க 2 நாள் ஆனது. இப்போதெல்லாம் ஒரு கையில் பிரஷ், மறு கையில் பழைய பருத்தித் துணி.

குப்பியில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு இரண்டாவது முறையும் தடவி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வைத்திருங்கள். வருடம் ஒருமுறை அதே சொட்டுத் தண்ணீர் சோதனை. உறிஞ்சினால் மறுபடி அடியுங்கள்.