ரோமானியப் பேரரசர்கள் தங்கக் காசிலும் கலப்படம் செய்தார்களா?

வெள்ளிக் காசில் செம்பைக் கலந்துகொண்டே போனவர்கள், தங்கத்தில் பெரும்பாலும் கை வைக்கவில்லை. அதற்குப் பதில் எடையைக் குறைத்தார்கள். சத்தமில்லாத வழி!

ரோமானிய ராத்தல் சுமார் 325 கிராம். ஜூலியஸ் சீசர் காலத்தில் ஒரு ராத்தல் தங்கத்தில் 40 ஆரியஸ் காசுகள் அடித்தார்கள். அதாவது ஒரு காசு சுமார் 8 கிராம், கிட்டத்தட்ட நம்ம ஊர் ஒரு பவுன். நீரோ அதே ராத்தலில் 45 அடித்தார், காரகல்லா 50. மூன்றாம் நூற்றாண்டுக் குழப்பத்தில் எடைக்கு ஒரு நிலையே இல்லாமல் போனது. தங்கத்தின் தரமும் அப்போது கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் வந்த கான்ஸ்டன்டைன் ராத்தலுக்கு 72 என்று சொலிடஸ் காசை அடித்தார், எடை சுமார் 4.5 கிராம். 11ஆம் நூற்றாண்டு வரை அது பெரிதாக மாறவில்லை. ஆங்கிலத்தின் ‘சோல்ஜர்’ என்ற சொல்லுக்கும் மூலம் இந்தக் காசுதான்.