டெக்சஸ் எஸ்.எச் 130: இன்டர்ஸ்டேட் எண் கடனைத் தீர்க்குமா?

டெக்சஸில் உள்ள எஸ்.எச் 130 என்ற சுங்கச் சாலையின் தென்பகுதியை நடத்தும் நிறுவனம் 2016 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்தப் பகுதிக்கு இன்டர்ஸ்டேட் (அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை வலையமைப்பு) எண் கொடுத்தால் வருமானம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண் மட்டும் மாறினால் பெரிதாகக் கூடாது. லாரிகள் ஐ-35 என்ற இன்டர்ஸ்டேட்டை விட்டு இங்கே வராததற்கு முக்கியக் காரணம் கட்டணம்தான். பக்கத்திலேயே இலவசச் சாலை இருக்கிறதே! 2013-இல் லாரிக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்ததும் அதனால்தான்.

எண் வாங்குவதால் சுங்கம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். பென்சில்வேனியாவில் டோல் 60 என்ற சுங்கச் சாலை 2009-இல் ஐ-376 ஆனது, சுங்கம் தொடர்கிறது. ஆனால் கூட்டரசுப் பணம் எந்தப் பகுதியில், எந்த நிபந்தனையோடு வந்தது என்பதை ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

விண்ணப்பிக்க வேண்டியது மாநிலப் போக்குவரத்துத் துறை. சாலையை நடத்தும் நிறுவனம் அல்ல. கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் ஒப்புதல் தர வேண்டும், எண்ணுக்கு ஆஷ்டோ (மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம்) குழுவும் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன் சாலையை அளந்துவிடுங்கள்: தடத்தின் அகலம் 12 அடி, வலது ஓரத் தளம் 10 அடி, இடது 4 அடி, கிராமப்புறப் பாலங்களின் கீழ் 16 அடி உயரம், நுழைவு முழுக்கக் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இரு முனைகளும் ஏற்கெனவே உள்ள இன்டர்ஸ்டேட்டில் சேர்ந்தால் வாதம் வலுக்கும். தெற்கு முனையில் செகீன் நகரில் ஐ-10 இன்டர்ஸ்டேட் இருப்பது உங்களுக்குச் சாதகம்.