முட்டை சுமக்கும் சுவர்ச் சிலந்தி

கேள்வி: எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் நான்கு நாள்களாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு நிற எட்டுக்கால் பூச்சி இருக்கிறது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக வில்லை போல ஒன்றைப் பிடித்திருக்கிறது. அது மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்கிறார் என் மாமியார். கைக்குழந்தை இருக்கும் வீடு, மருந்து அடித்துவிடலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்து அடிக்க வேண்டாம், சகோதரி. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது வெப்பமண்டல நாடுகளின் வீடுகளில் பரவலாகக் காணப்படும் வேட்டைச் சிலந்தி. அந்த வில்லை அதன் முட்டைப் பை. ஏறக்குறைய நாணயம் அளவுள்ள அந்தத் தட்டையான பைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கக்கூடும். குஞ்சுகள் வெளிவரும் வரை தாய் அதைச் சுமந்தே திரியும். சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள்: கால்கள் நண்டுக்கு இருப்பது போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும், முகத்தில் கண்களுக்குக் கீழே மீசை போல ஒரு வெளிர்ப் பட்டை தெரியும்.

இது வலை பின்னி இரை பிடிப்பதில்லை என்பதால், மூலையில் தொங்கும் ஒட்டடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பகலில் கதவிடுக்கில் ஒடுங்கிக் கிடந்து, இரவில் கரப்பான் பூச்சிகளைத் துரத்திப் பிடித்துத் தின்னும். குழந்தை தவழும் வீட்டில் நஞ்சைத் தெளிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

சிலந்தி வெறுமனே ஊர்ந்து போவதால் கொப்புளம் வராது. காலையில் கோடு இழுத்தாற்போல் எரிச்சலுடன் தோன்றும் கொப்புளங்கள், பெரும்பாலும் விளக்கொளிக்கு வரும் ஒருவகைச் சிறு வண்டு தோலில் நசுங்குவதால் வருபவை. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கொத்தாக வரும் அக்கியோ, வைரஸ் கிருமியால் உண்டாவது. கையால் அழுத்திப் பிடித்தால் இந்தச் சிலந்தி கடிக்கும். வலியும் வீக்கமும் இருக்குமே தவிர, பெரியவர்களுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கடிபட்டது குழந்தையானாலோ, யாருக்கேனும் மூச்சுத் திணறல் வந்தாலோ, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அதை வெளியேற்றியே ஆக வேண்டுமென்றால், அது அசையாதிருக்கும் பகல் நேரத்தில், கால்கள் நசுங்காத அளவுக்கு அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் இடையே ஒரு பழைய காலண்டர் அட்டையைச் செருகி, அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். துடைப்பத்தால் மட்டும் அடிக்காதீர்கள். மிரண்டால் மிக வேகமாக ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும்.