வாசகர் கேள்வி பதில்: கோதாவில் தாரா சிங்

கேள்வி: ரம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சென்றிருந்தபோது, தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக நடித்த தாரா சிங் பெரிய மல்யுத்த வீரர் என்றும், கிங் காங் என்ற மல்லரையே தோற்கடித்தவர் என்றும் தாத்தா கூறினார். அவையெல்லாம் பேசிவைத்த சண்டைகள் என்று நண்பர்கள் கேலி செய்கின்றனர். எது உண்மை?
– வாசகர், கொட்டகலை

பதில்: தாத்தா சொன்னது சரி, நண்பர்கள் சொல்வதையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்னரே முடிவு செய்யப்படுவதுதான். அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனமே, விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, தான் நடத்துவது கேளிக்கை நிகழ்ச்சி என்று 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட் சபையில் ஒப்புக்கொண்டது. தாரா சிங்கும் ஹங்கேரியரான கிங் காங்கும் ஊர் ஊராக மீண்டும் மீண்டும் மோதியது இந்தத் தொழிலின் வழக்கப்படியே.

ஆனால் உடலை யாரும் பேசிவைத்து உருவாக்க முடியாது. 1928இல் பஞ்சாபின் தர்முசக் கிராமத்தில் பிறந்த தாரா சிங், 1940களின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, பீப்பாய் செய்யும் ஆலையில் கூலி வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங்கிடம் மல்யுத்தம் பயின்றார். கடல் கடந்து வந்து உழைத்தவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு அந்த வாழ்க்கையின் கடினத்தை விளக்க வேண்டியதில்லை. தண்டாலும் பஸ்கியும் மூச்சு முட்டும்வரை செய்து உரமேற்றிய உடல் அது. 1954இல் இந்தியாவின் தலைசிறந்த மல்லருக்கான ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டத்தையும், 1959இல் கல்கத்தாவில் கனடிய மல்லர் ஜோர்ஜ் கோர்டியென்கோவை வென்று பொதுநலவாயப் பட்டத்தையும் பெற்றார். 1968இல் பம்பாயில் அவரிடம் தோற்ற அமெரிக்க மல்லர் லூ தேஸ், மெய்யான பிடிகளில் கைதேர்ந்தவர். அவரே தாரா சிங்கை அசல் மல்லர் என்று பின்னாளில் மதித்து எழுதினார். என்னைப் பொறுத்தவரை எந்தப் பட்டத்தையும்விட அந்தச் சான்றே பெரியது. 1983இல் ஓய்வு பெற்றவர், அறுபதை நெருங்கும் வயதில் அனுமனாக நடித்தார், 2012இல் காலமானார்.

கேள்வி: முடிவு தெரிந்த சண்டை என்றால் அடியும் பொய்தானா? என் மகன் லயத்து வாசலில் தம்பியைத் தூக்கிப் போட்டுப் பழகுகிறான்.
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தயவுசெய்து உடனே நிறுத்துங்கள், அம்மா. கோதாவின் தளம் பலகையின்மேல் மெல்லிய மெத்தை விரித்துக் கித்தான் போர்த்தியது. அதில் விழுந்தால் வலிக்கவே செய்யும். விழுபவர் தாடையை நெஞ்சோடு ஒட்டித் தலையைக் காத்து, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, இரு கைகளையும் விரித்து அறைந்து அதிர்வைப் பரப்புகிறார். தூக்குபவரும் விழுபவரும் ஒருவரை ஒருவர் நம்பி, நெடுநாள் பழகிய பிறகே இது கைவருகிறது. அப்படிப் பழகியவர்களுக்கும் கழுத்தும் முழங்காலும் தேய்ந்துபோவதுண்டு. சிமெந்துத் தரையில் சிறுவர் செய்தால் கழுத்தெலும்பு முறியலாம்.

மகனுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், பாடசாலை விளையாட்டாசிரியரிடம் ஒலிம்பிக் முறை மல்யுத்தம் பற்றிக் கேளுங்கள். அதில் நடுவர் புள்ளியிட, முடிவு பாயிலேயே தீர்மானமாகிறது. 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் மகளிர் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற நெத்மி பொருதொட்டகே நம் நாட்டுப் பெண்தான்.