ஊர் மாறும் முன், குடியிருந்த பகுதியை நடந்து பார்ப்பதில் ஏதாவது இருக்கிறதா?

வேலை மாற்றலில் ஊரை விட்டுப் போகிறீர்கள், கையில் இருபது நாள் இருக்கிறது, குடியிருந்த பகுதியை நடந்து பார்க்க வேண்டுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் நடங்கள். போன மாதம் நானும் அதைத்தான் செய்தேன்.

எனக்குச் சொந்த இடம் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். வேலைக்காகக் கண்டிக்கு வந்து, கட்டுக்கலையில் ஒரு மாடி அறையில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தேன். அந்த ஏழு வருடத்தில் நான் பார்த்த கண்டி என்றால் அறை, பஸ் ஹோல்ட், வேலை செய்த கடை, மார்க்கெட், சம்பளம் எடுத்ததும் குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறும் ஹட்டன் பஸ். அவ்வளவுதான். கொழும்புக்குப் போவது முடிவானபோதுதான் அது உறைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வந்தவர்கள் மாதிரி வாவியைச் சுற்றிவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். அழகுதான். ஆனால் அது யாருக்கும் கிடைக்கும் கண்டி. மறுநாள், தினமும் பஸ்ஸில் போகிற அதே வழியில் நடந்தேன். பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு டவுனை நோக்கி. நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன். உங்கள் வாசலிலிருந்து, உங்கள் அன்றாடப் பாதையில்.

மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பஸ் ஜன்னலால் பார்த்து எத்தனை தடவை நேரம் சரிபார்த்திருப்பேன்! அதன் அடியில் போய் நின்றது அன்றைக்குத்தான். 1950இல் திறந்தது, விபத்தில் பறிகொடுத்த மகனின் நினைவாக ஒரு தகப்பன் கட்டிக் கொடுத்த கோபுரம். ‘பேராதனை, பேராதனை’ என்று கண்டக்டர்கள் கூவுகிற சத்தத்துக்கு நடுவில் அதை நினைத்தபோது நெஞ்சு கனத்தது. பக்கத்தில் போகம்பரைச் சிறைச்சாலையின் பழைய மதில். 1876இல் கட்டி, 2014இல் கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் மூடினார்கள்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது பத்தினி தேவாலயம், சிங்களவர் கும்பிடும் தெய்வக் கோயில். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால், நாத தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. பத்தினி என்றால் நம் கண்ணகிதான். தெரிந்த விஷயம்தான், ஆனால் உள்ளே போனதில்லை. நான் போனது புதன்கிழமை. புதனும் சனியும் தேவாலயங்களுக்கு விசேஷமான நாள். பழத்தட்டு ஏந்திய சனம், தேங்காய் எண்ணெய் விளக்குப் புகை, உள்ளே பூசை செய்யும் கப்புராளை ராகமாக வேண்டுதல் சொல்கிற குரல். எனக்கு முன்னால் ஒரு சிங்களத் தாய், இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளை. பிள்ளையின் கன்னத்திலும் கழுத்திலும் பொருக்கு உதிர்ந்த வெள்ளைத் தழும்புகள். அம்மை இறங்கி ஒரு மாதம், நேர்த்தி செலுத்த வந்தேன் என்றார். சிங்களத்தில் அந்த நோய்க்கே ‘தெய்வத்தின் வருத்தம்’ என்றுதான் பெயர். எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, குணமானதும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதே பயம், அதே நன்றி. பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தக் குடும்பத்தோடு வரிசை முடியும்வரை நின்றேன்.

அப்புறம் மலபார் வீதி. தென்னிந்தியாவிலிருந்து வந்து கண்டியை ஆண்ட நாயக்க அரசர்களின் உறவுக்காரர்கள் குடியிருந்த தெரு என்பதால் வந்த பெயர். இப்போது மற்றத் தெருக்களைப் போலத்தான் இருக்கிறது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு இயற்பெயர் கண்ணுசாமி. வயலாகக் கிடந்த இடத்தை 1807இல் வாவியாக்கத் தொடங்கியவன் அவன். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அந்தத் தெருவில் நடந்து திரும்பி வந்தபோது, வாவி எனக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்த வாவியாக இல்லை. இதனால்தான் சொல்கிறேன், பெரிய இடங்களைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒரே தெருவை இரண்டு வேளையில் பாருங்கள், கடை திறக்க முன்னும் விளக்கு வைத்த பிறகும். குடை எடுக்காமல் இறங்காதீர்கள், மலைநாட்டு மழை கேட்டுக்கொண்டு வராது.

இன்னொன்று, இதை நான் பிந்திச் செய்தேன். ஹோல்ட்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அக்காவிடம் ஏழு வருடம் பணிஸும் பிளேன்டீயும் வாங்கியிருக்கிறேன். பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் சல்லியை மேசையில் வைத்துவிட்டு ஓடுவதுதான் வழக்கம். கடைசி நாள்தான் உட்கார்ந்து குடித்தேன். ‘‘எந்த ஊரு தம்பி நீங்க?’’ என்று கேட்டார். சொன்னேன். அவருடைய ஊர் நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தோட்டமாம். மாதாமாதம் நான் போகிற ஹட்டன் பஸ் அந்தத் தோட்டத்து வாசலால்தான் போயிருக்கிறது! அங்கே தனியாக இருக்கிற தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கு இருபது நாள் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் முதல் வாரமே போய் உட்காருங்கள்.