வாசிக்கத் தெரியும், சொல்லித்தர?

கேள்வி: எனக்கு வயது 24. வயலினில் எம்.ஏ. முடித்து ஒரு வருடமாகிறது. வீட்டில் பதினோரு பிள்ளைகளுக்கு வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லித்தருகிறேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசை வருவதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். எம்.ஏ.வில் ராகம் தானம் பல்லவி என்ற பெரிய உருப்படி வரை வாசித்தேன், ஆய்வேடும் எழுதினேன். ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஒரு பீரியட்கூடக் கிடையாது. கச்சேரி ஆசை எனக்கு அவ்வளவாக இல்லை, சொல்லித்தருவதுதான் பிடித்திருக்கிறது. அதற்காக மேற்கொண்டு படிக்கலாமா? அப்பா எம்.ஃபில். சேரச் சொல்கிறார். என் குருநாதரோ, "நான் எந்தக் காலேஜில் படித்துவிட்டு உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்?" என்று சிரிக்கிறார். மாதம் எவ்வளவு ஃபீஸ் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.
வாசகி, மன்னார்குடி

பதில்: அப்பாவின் யோசனையை முதலில் முடித்துவிடுவோம் அம்மா, அது சுலபம். எம்.ஃபில். இப்போது கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளோடு அந்தப் படிப்பு போய்விட்டது. யாராவது சேர்த்துக்கொள்கிறோம் என்றால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் குருநாதர் சிரித்தார் பாருங்கள், அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் காலேஜில் படிக்கவில்லை, சரி. பயிற்சி இல்லாமல் சொல்லித்தர உட்கார்ந்தாரா? எனக்குச் சந்தேகம்தான். கும்பகோணத்தில் என் குருநாதர் வீட்டில் நான் இருந்தபோது பதினேழு வயது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடமான சரளி வரிசை சொல்லித்தருவது என் வேலை. அவர் உள்ளே ஊஞ்சலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். கவனிக்கிற மாதிரியே தெரியாது. நான் அவசரப்பட்டால் ஊஞ்சல் சத்தம் நின்றுவிடும், எனக்கு வியர்த்துவிடும். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரே வரி சொல்வார்: "அந்தப் பையனுக்கு உன் சுருதி எட்டவில்லை, நீ இறங்கி வா." இப்படி நாலு வருஷம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான் இது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தர, வாத்தியார் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். குருகுலத்தில் இதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை, அதனால் அதைப் பயிற்சி என்று யாரும் எண்ணவும் இல்லை.

உங்கள் குருநாதரும் அந்த வழியாக வந்தவராகத்தான் இருப்பார். உங்களுக்கு அது வாய்க்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கிளாஸ், அப்புறம் கல்லூரி, பரீட்சை. நீங்கள் சொல்லித்தருவதை ஒருவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. குறை அங்கேதான்.

பெரிய வித்வான்கள் இதை மட்டமாக நினைக்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சென்னை மியூசிக் அகாடமி 1931இல் ஒரு கல்லூரி தொடங்கியபோது இசை ஆசிரியர்களுக்கான கல்லூரி என்றுதான் பெயர் வைத்தது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வராக இருந்தார். பின்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் நம் திருவாரூர்ப் பக்கத்து முடிகொண்டான் வெங்கடராம ஐயர். ராகம் தானம் பல்லவி பாடுவதென்றால் அவர் பெயரைச் சொல்வார்கள். அவரே இசை ஆசிரியர்களை உருவாக்கும் வேலையைப் பார்த்திருக்கிறார்.

இனி, நீங்கள் எங்கே உட்கார்ந்து சொல்லித்தரப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் படிப்பு. பள்ளிக்கூடம் என்றால் அரசு இசைக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சியைப் பாருங்கள். திருவையாற்றிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, 1965இலிருந்து நடக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி வேலையை நம்பி மட்டும் போகாதீர்கள். இசை ஆசிரியர் பணிக்கான அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். 2017இல் சிறப்பாசிரியர் தேர்வு வந்தபோது எத்தனை வருடம் காத்திருந்தவர்கள் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். தனியார் பள்ளிகளில் வேலை கிடைக்கும். அங்கே ஆண்டுவிழாப் பாட்டுதான் பாதி வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி என்றால் கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வு, நெட் அல்லது செட், எழுதுங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023இல் மானியக் குழுவே தெளிவாகச் சொல்லிவிட்டது. மானியக் குழுவின் 2018 விதிகளில் கலைஞர்களுக்கென்று இன்னொரு வாசலும் உண்டு. பட்டப்படிப்போடு, நல்ல குருவிடம் கற்று, வானொலியிலோ தூர்தர்ஷனிலோ 'ஏ' கிரேடு வாங்கியிருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. பாடத்தைக் காரண காரியத்தோடு விளக்கும் திறமையும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கிரேடு வாங்கியவருக்கு விளக்கவும் தெரிந்திருக்கும் என்று அவர்களே நம்பவில்லை பாருங்கள்!

வீட்டில்தான் என்றால் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் பயிற்சி அங்கேதான் அதிகம் தேவை. பள்ளியில் பிள்ளை எழுந்து ஓட முடியாது, உங்கள் வீட்டிலிருந்து ஓடிவிடும்.

பாதிப் பேர் ஏன் நிற்கிறார்கள்? நேரில் பார்க்காமல் சொல்வது கஷ்டம், ஆனாலும் சிலவற்றை ஊகிக்க முடிகிறது. சின்னப் பிள்ளைகள் கையில் என்ன வயலின் இருக்கிறது? அண்ணன் வாசித்த முழு சைஸ் வயலின் வீட்டில் கிடக்கிறது என்று அதையே கொண்டுவந்தால் ஏழு வயதுக் கை எட்டாது. அரை சைஸோ அதைவிடச் சின்னதோ வேண்டும். தோள் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை, கிளாஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லும். ஜண்டையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் தர வேண்டும். விரலில் பலமும் வில்லில் நிதானமும் வருவதற்கு முன்னால் அதைக் கேட்டால் கீச்சென்றுதான் வரும். தன் காதுக்கே பிடிக்காத சத்தத்தைப் பிள்ளை எத்தனை நாள் வாசிக்கும்? அங்கே கொஞ்சம் நின்று, முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லாத, மேல்நாட்டு மெட்டில் அமைந்த சின்னப் பாட்டு. வயலினுக்கு இதமாக உட்காரும். வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தானே. வீட்டில் போய் "நான் ஒரு பாட்டு வாசிக்கிறேன்" என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வேண்டும் அம்மா.

வாய்ப்பாட்டுப் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் வயது ஒன்று வரும். திடீரென்று மேல்ஸ்தாயி எட்டாது, சத்தம் பிளந்துபோகும். தனக்குப் பாட்டு போய்விட்டது என்று நினைத்து நின்றுவிடுவார்கள். அப்போது சுருதியை இறக்கி, கொஞ்ச நாள் தாளத்தையும் ராக இலக்கணமான லட்சணத்தையும் சொல்லிக்கொடுத்து அவனைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து கட்டை மாதிரி உயர்ந்த சுருதியில் பாடும் நீங்கள் எல்லாரையும் உங்கள் சுருதிக்கே இழுத்தால் அவன் என்ன செய்வான்?

எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் போவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். நான் பாடம் எடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா, எத்தனை தடவை? நோட்ஸ் கொடுப்போம், பரீட்சை வைப்போம் என்று மட்டும் சொன்னால், அது வேலைக்கு வேண்டிய காகிதம். அதற்காகச் சேருவதும் தப்பில்லை, தெரிந்து சேருங்கள்.

இதற்கிடையில் மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தரும் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. குருவிடம் மேல்பயிற்சி பெறுவதற்கானது. உங்களுக்கு 24 என்கிறீர்கள். அடுத்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். அந்த இரண்டு வருடமும் குருநாதரிடமே போங்கள். உங்கள் பிள்ளைகளில் இருவரை மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய், அவர் எதிரிலேயே பாடம் எடுங்கள். சிரித்தவர் அன்றைக்கு என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

ஃபீஸ் விஷயம். உங்கள் தெருவில் டியூஷன் வாத்தியார் என்ன வாங்குகிறாரோ அதற்குக் குறைத்து வாங்காதீர்கள். சரஸ்வதியை விற்கலாமா என்று பேசுபவர்கள் அவருக்கு மட்டும் ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறார்கள். அறுவடை முடிந்து தருகிறேன் என்று உண்மையாகவே கேட்கிற வீடு ஒன்றிரண்டு இருக்கும், அவர்களுக்குப் பொறுங்கள். மற்றவர்களிடம் மாதம் பிறந்ததும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். என் வீட்டில் முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.