பதில் வராத மேல்முறையீடும் ஓடிக்கொண்டிருக்கும் கெடுவும்

கேள்வி: 24 வருஷ சர்வீஸ் முடித்து 2022-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். காஷ்மீர் எல்லையில் குப்வாராவில் இரண்டரை வருஷம் இருந்துவிட்டு பெங்களூருக்கு மாற்றலாகி வந்த சில மாதங்களில் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம், ஆயுள் முழுக்க என்று எழுதியது, ஆனால் சர்வீஸால் வந்ததில்லை என்று சொல்லி ஊன ஓய்வூதியத்தை நிராகரித்துவிட்டார்கள். முதல் மேல்முறையீடு அனுப்பிப் பதினான்கு மாதமாகிறது. எங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போன் போட்டால் ‘பிராசஸில் இருக்கிறது’ என்பதோடு சரி. டிரிப்யூனலுக்குப் போனால் இப்போது வரும் பென்ஷனும் நின்றுவிடும் என்று கூட இருந்த ஒருவர் பயமுறுத்துகிறார். இன்னும் காத்திருப்பதா?
– முன்னாள் ஹவில்தார், குடியாத்தம்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இப்போது வருவது சர்வீஸ் பென்ஷன், 15 வருஷம் முடித்த சிப்பாய்க்கு அது உரிமை. நீங்கள் கேட்பது அதற்கு மேல் வரவேண்டிய தனித் தொகை. அதைக் கேட்டு வழக்குப் போட்டதற்காக இதில் யாரும் கை வைக்க முடியாது. வருஷா வருஷம் வாழ்நாள் சான்று கொடுப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சரி, காத்திருப்பதா என்றால், வேண்டாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007-ல் 21, 22 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. மேல்முறையீடு கொடுத்து ஆறு மாதமாகியும் இறுதி உத்தரவு வரவில்லை என்றால், உங்கள் பக்கம் செய்யவேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போகலாம் என்பதோடு நிற்காமல், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது. ஆக, ‘பிராசஸில் இருக்கிறது’ என்பதை நம்பி நீங்கள் காத்திருந்த நேரத்திலேயே கெடு ஓடி, இரண்டு மாதம் முன்பு முடிந்தும் போயிற்று. இதை யாரும் நம் ஆட்களுக்குச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். மேலே இருந்து உத்தரவு வரும்வரை நிற்கப் பழகியவர்கள் இவர்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லி அனுப்ப வேண்டாமா?

பதற வேண்டாம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துச் சென்னை அமர்வில் தாக்கல் செய்யுங்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்று தர்செம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் தாமதம் ஒன்றையே காட்டித் திருப்பி அனுப்புவது அரிது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தாமதமாக வருகிறவர்களுக்கு நிலுவைத் தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான். நீங்கள் வெளியே வந்தது 2022. இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய நிலுவையில் ஒரு மாதப் பணத்தைத் தின்றுவிடும்.

அடுத்து, வழக்கில் பலம் இருக்கிறதா என்பது. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற மெடிக்கல் போர்டு பாரத்தை எடுத்துப் பாருங்கள். கையில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள், 30 நாளில் தரவேண்டும். நோய் சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் மோசமானதா என்ற கேள்விகளுக்கு நேராக ‘இல்லை’, ‘இல்லை’ என்று போட்டு, காரணம் எழுதவேண்டிய இடத்தில் பல பேருக்கு ஒரே வரிதான் இருக்கும்: அமைதிப் பகுதியில் (எல்லையோ போர்முனையோ இல்லாத இடத்தில்) இருந்தபோது தொடங்கியது. அதற்கு முன்னால் குப்வாராவில் ராத்திரி பகல் பார்க்காமல் டூட்டி பார்த்ததைப் பற்றி அந்த வரியில் ஒன்றும் இருக்காது.

அந்த ஒற்றை வரி போதாது என்று சொன்னதுதான் தரம்வீர் சிங் வழக்கு. 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த சிப்பாய், ஒன்பது வருஷத்துக்கு அருகில் வேலை பார்த்தபின் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டார். சேரும்போது குறிப்பேட்டில் நோய் எதுவும் எழுதப்படவில்லை என்றால் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்தது சர்வீஸால் இல்லை என்று நிரூபிப்பது படையின் பொறுப்பு, மெடிக்கல் போர்டு காரணத்தை எழுதியே ஆகவேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுவாக இருக்கட்டும். ஊன ஓய்வூதியம் பற்றி 2023 செப்டம்பர் 21-ல் வந்த புது விதிகள் அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு, அதை யாராவது காட்டிக் குழப்பினால் காதில் வாங்காதீர்கள்.

பணம் எவ்வளவு வரும்? நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். கடைசி ஊதியம் 45,000 என்று வைத்தால் 13,500. உங்கள் 30 சதவீதத்துக்கு 4,050 ஆகும். ஆனால் 50-க்குக் குறைவான ஊனத்தை 50 ஆக எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு, சர்வீஸை முழுசாக முடித்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் முடிவாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் 6,750, அதன்மேல் அகவிலைப்படி. மனுவில் இதைத் தனியாக, வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேள்வி: ஊன ஓய்வூதியம் கேட்டு என் கணவர் போட்ட இரண்டாவது மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே போன வருஷம் இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அந்த மேல்முறையீடு அவரோடு முடிந்துவிட்டதா?
– வாசகி, தேனி

பதில்: முடியவில்லை அம்மா. அவருடைய சர்வீஸ் விஷயத்தில் வாரிசுகளும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று அதே சட்டம் இடம் கொடுக்கிறது. வென்றால், அவர் இறந்த நாள்வரை வரவேண்டிய தொகை உங்களுக்கு. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மேல்முறையீட்டின் நகல், தபாலில் அனுப்பிய ரசீது இவற்றை ஒன்றாக வையுங்கள். அந்த நோயால்தான் இறந்தார் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்கவும் வழி உண்டு, அதற்குத் தனி நிபந்தனைகள் இருப்பதால் ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: தில்லியில் ஆள் இருக்கிறது, ஃபைலை நகர்த்தித் தருகிறேன், வரும் நிலுவையில் பங்கு கொடு என்கிறார் ஒருவர். நம்பலாமா?
– முன்னாள் படைவீரர், சிவகங்கை

பதில்: கூடவே கூடாது. முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் ஃபைல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், அதற்குக் காசு வேண்டாம். அந்த ஆளிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்குங்கள், பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். போனுக்கு ஓடிபி வந்தால் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.